பரலோக மந்திரத்தில் ஒரு வரி

ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்த பிறகும் மாதத்துக்கு ஒருமுறை பிரஷர் மாத்திரை வாங்க கொல்கத்தாவில் நான் நர்ஸாக இருந்த ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். போனால் சின்ன நர்ஸ்கள் நாற்காலி போட்டு உட்காரவைத்துச் சூழ்ந்துகொள்வார்கள். என் பிரஷரைப் பற்றி ஒருத்திக்கும் கவலை கிடையாது. "பிலோமினா தீதி, நீங்க நெஜமாவே பேயப் பாத்திருக்கீங்களாமே?" என்பதுதான் கேள்வி. தீதி என்றால் இங்கே அக்கா. கைப்பேசியில் ஒரு வீடியோவையும் காட்டுவார்கள். மேடையில் கோட்டு போட்ட ஒருவர் ஒரு பெண்ணின் உச்சந்தலையைப் பிடித்துக்கொண்டு மைக்கில் அலறுவார். அவள் சுழன்று சுழன்று விழுவாள். பின்னால் டிரம்ஸ் வேறு. "இப்படித்தான் நடக்குமா தீதி?"

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்தப் பெண்ணின் கழுத்து என்ன ஆகும் என்று ஒரு நர்ஸாவது கேட்க வேண்டாமா? "பேயப் பாக்கணும்னா ஆபீஸ் நேரத்து மெட்ரோல ஏறிப் பாருங்கடி" என்று சொல்லிவிட்டு வந்துவிடுவேன். ஆனால் போன மாதம் வீடு திரும்பும் வழியெல்லாம் மனசு கேட்கவில்லை. தெரிந்தவள் வாயை மூடிக்கொண்டிருந்தால் இந்தப் பிள்ளைகள் அந்த மைக்குக்காரரைத்தான் நம்பும். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

என் அப்பா தூத்துக்குடியிலிருந்து கித்திர்பூர் துறைமுகத்து வேலைக்கு வந்தவர். நான் பிறந்து வளர்ந்தது எல்லாம் கொல்கத்தாதான். வெளியே வங்காளம், வீட்டுக்குள் தமிழ், விளக்கு வைத்ததும் ஜெபமாலை. ஜெபமாலை முடியாமல் சோற்றுப்பானை திறக்காது. நர்சிங் படித்ததைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. ஊசி போடக் கற்றேன், திட்டு வாங்கக் கற்றேன். பிறகு மனநல வார்டில் போட்டார்கள். மற்றவர்கள் எப்போது மாற்றல் கிடைக்கும் என்று பார்ப்பார்கள், எனக்கு அந்த வார்டு பிடித்துப்போய்விட்டது. அங்கே வருகிறவர்கள் சுற்றி வளைத்துப் பேசுவதில்லை.

அப்படி இருக்கும்போதுதான் நிர்மல் ஃபாதர் வந்தார். தீய சக்தி தொல்லை செய்கிறது என்று கோயில்களுக்கு வரும் குடும்பங்களையெல்லாம் பார்க்கும் பொறுப்பை ஆயர் அவரிடம் கொடுத்திருந்தார். வியாழக்கிழமை பிற்பகலில் தம்மோடு உட்கார ஒரு நர்ஸ் வேண்டும் என்று எங்கள் மேட்ரனிடம் கேட்டார். மேட்ரன் யோசிக்கவே இல்லை. "பிலோமினாவ அனுப்புறேன். அவ வாய்க்கு முன்னால எந்தப் பசாசும் நிக்காது" என்றார். எங்கள் வீட்டுப் பேச்சில் பேய்க்குப் பசாசு என்று பெயர். அந்த வார்த்தையை மேட்ரனுக்குக் கற்றுக்கொடுத்ததே நான்தான். எனக்கு வேண்டியதுதான்.

ஃபாதர் வங்காளி. தமிழ்நாட்டில் தங்கி இறையியல் படித்தவர். தமிழை விவிலியத்திலிருந்தும் ஓட்டல் சர்வர்களிடமிருந்தும் பாதிப் பாதி கற்றுக்கொண்டிருந்தார். "தீதி, அவர்களை உள்ளே வரச்செய்யும்" என்பார், அடுத்த மூச்சில் "சூடா ரெண்டு டீ" என்பார். வருகிறவர்கள் பேசும்போது கண்ணை மூடிக்கொள்வார். தூங்குகிறார் என்று சில பேர் கோபித்துக்கொண்டதும் உண்டு. அவர் ஒரு வார்த்தையையும் தவறவிட்டதில்லை. கதை முடிந்ததும் கண்ணைத் திறந்து ஒரே ஒரு கேள்வி கேட்பார்: "சரியாக எந்த இடத்தில்?"

அந்த அறையில் நாங்கள் வைத்திருந்த முறையைச் சொல்கிறேன். சன்னலைத் திறந்து வைப்போம். இருட்டாக்கி மெழுகுவர்த்தி ஏற்றுகிற வேலையே கிடையாது. கூட்டி வந்தவர்கள் வெளியே, வந்தவர் மட்டும் உள்ளே. முதலில் டீயும் பிஸ்கட்டும். பிறகு நான் நாடி பார்ப்பேன், பிரஷர் பார்ப்பேன், தூக்கம் எப்படி, சாப்பாடு எப்படி, என்ன மாத்திரை போடுகிறார், யாராவது அடிக்கிறார்களா என்று கேட்பேன். டாக்டர் பார்க்க வேண்டியது இருந்தால் டாக்டர் பார்த்து முடிக்கும்வரை ஃபாதர் ஜெபத்துக்குப் போடும் நீளமான ஊதாப் பட்டையை, அந்த ஸ்டோலை, கழுத்தில் போட மாட்டார். முக்கால்வாசிப் பேருக்குத் தேவைப்பட்டது டாக்டர், அல்லது நல்ல தூக்கம், அல்லது தம் பேச்சைக் காதுகொடுத்துக் கேட்க ஓர் ஆள். எல்லாருக்குமே அவர் ஜெபித்துத்தான் அனுப்பினார். ஆயர் அனுமதி கேட்டுச் செய்ய வேண்டிய பெரிய சடங்கு வரை போனதும் உண்டு. அதைப் பற்றி நான் பேசுவதில்லை, பிள்ளைகள் எவ்வளவு நச்சரித்தாலும்.

அலிப்பூரில் ஓர் அரசு அலுவலகத்தில் பெரிய பதவியில் இருந்த ஒருவர் வந்தார். வீட்டில் திருஇருதய ஆண்டவர் படத்துக்குப் பின்னால் ஏதோ பிராண்டுகிறது, ஜெபம் தொடங்கினால் அதிகமாகிறது என்றார். முகம் வெளிறிப்போயிருந்தது. ஃபாதர் சிரிக்கவில்லை. "சரியாக எந்த இடத்தில்?" என்றார். நேரில் போய்ப் பார்த்தோம். ஃபாதர் வீடு முழுக்கத் தீர்த்தம் தெளித்து மந்திரித்தார். அப்புறம் நாற்காலி போட்டு ஏறிப் படத்தை எடுத்தால், சுவரில் ஓட்டை, ஓட்டையில் எலிக் குடும்பம். "ஆசீர்வாதம் உமக்கும் உம் வீட்டாருக்கும். எலிப்பொறி ஒன்று வாங்கிக்கொள்ளும்" என்று சொல்லிவிட்டு இறங்கினார். வீட்டுக்கார அம்மா கொடுத்த லுச்சிப் பூரியை இரண்டாம் தடவையும் வாங்கிச் சாப்பிட்டார்.

வியாழக்கிழமை வேலை முடிந்ததும் நாங்கள் இருவரும் கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்திருப்போம். ஆன்ம சோதனை. இன்றைக்கு எங்கே நன்மைக்கு இடம் கொடுத்தேன், எங்கே தீமைக்குக் கதவைத் திறந்தேன் என்று அவரவர் மனசுக்குள் பார்த்துக்கொள்வது. எனக்கு வேலை எளிது. வரும் வழியில் பஸ் கண்டக்டரிடம் தொடங்கி, சண்டை போட்ட இடமெல்லாம் வரிசையாக நிற்கும். ஃபாதர் சில நாள் தம்முடையதை வாய்விட்டே சொல்வார். "இன்று அந்த அம்மையார் அழும்போது என் மனம் மீன் கட்லெட்டிடம் போய்விட்டது, தீதி." கொம்போடு வந்தால் பசாசுக்கு யார் கதவைத் திறப்பார்கள், அது எப்போதும் ஒரு நல்ல காரணத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் வரும் என்று அவர் சொல்வார். அதை நான் சரியாகப் புரிந்துகொண்டது ஸ்டெல்லா வந்த வாரத்தில்.

பவானிபூரில் பலகாரக் கடை வைத்திருந்த சேவியர் தன் தங்கை ஸ்டெல்லாவைக் கூட்டி வந்தார். கூடவே அவர் மனைவி ஜெசி. நாகர்கோவில் பக்கத்துக் குடும்பம். இட்லி மாவு, நேந்திரங்காய் சிப்ஸ், கைமுறுக்கு எல்லாம் அங்கே கிடைக்கும். அந்தக் கைமுறுக்கை நானே வாங்கித் தின்றிருக்கிறேன். ஸ்டெல்லாவுக்கு முப்பது தாண்டியிருக்கும். தலை குனிந்து நின்றாள். விரல்களில் மாவு காய்ந்த வெள்ளை.

"சாயங்காலம் ஜெபமாலைக்கு உக்காந்தா போதும், அக்கா. வாயக் கட்டிப்போட்ட மாதிரி ஆயிருதா" என்றார் சேவியர். "அதுலயும் ஒரு அதிசயம் பாத்துக்கிடுங்க. அவ முறை வந்து அவளே முன்னால சொல்லும்போது தேன் மாதிரி சொல்லுதா. நான் முன்னால சொன்னா, பரலோக மந்திரத்துல பாதியிலயே வாய மூடிக்கிடுதா. வீட்டுத் தலைவன் மேலதான் பசாசுக்குக் கோவம்னு ஊர்ல எல்லாரும் சொல்லுதாவ."

கத்தோலிக்கர் அல்லாதவர்களுக்கு ஒரு வார்த்தை. இயேசு கற்றுக்கொடுத்த ஜெபத்தைத்தான் வீடுகளில் பரலோக மந்திரம் என்போம். ஜெபமாலையில் ஒருவர் அதன் முதல் பாதியைச் சொல்வார், மற்றவர்கள் எல்லாரும் சேர்ந்து பின்பாதியைச் சொல்வார்கள். மாலையில் பத்து மணிகள் உருட்டி முடித்ததும் முன்னால் சொல்கிற ஆள் மாறும்.

"இப்ப என்ன செய்யலாம்னு இருக்கீங்க?" என்று கேட்டேன்.

"ஞாயித்துக்கிழம சியால்தால ரயிலேறி ஓர் எடத்துக்குக் கொண்டுபோலாம்னு இருக்கேன். அங்க ஒருத்தர் நல்லா பசாசு ஓட்டுதாராம். ஃபாதர் இன்னிக்கே ஓட்டிட்டா அந்த அலைச்சல் மிச்சம்."

அப்படி ஓட்டுகிற ஓர் ஆளிடமிருந்து தப்பி எங்கள் வார்டுக்கு வந்த ஒரு பெண்ணின் மணிக்கட்டில் கயிற்றுத் தடம் புண்ணாகியிருந்ததை நான் கழுவி மருந்து போட்டிருக்கிறேன். முதுகில் பிரம்புத் தடம். ஸ்டெல்லாவைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்தபடியே நின்றாள். ஞாயிற்றுக்கிழமை என்றால் நடுவில் இரண்டே நாள்.

வழக்கப்படி அண்ணனையும் அண்ணியையும் வெளியே உட்காரவைத்தோம். டீ குடித்தாள். நாடி, பிரஷர், தூக்கம், சாப்பாடு எல்லாம் சரியாக இருந்தன. பேச்சும் தெளிவு. ஃபாதர் கண்ணை மூடிக்கொண்டார். "தீதி, நீர் முதல் பாதியைச் சொல்லும். இவள் தனியாகப் பதில் சொல்லட்டும்" என்றார்.

சொன்னேன். அவள் அன்றாட உணவைத் தரும்படி கேட்டாள், தெளிவாக. நிறுத்தினாள். ஒரு மூச்சு விட்டாள். "எங்களைச் சோதனைக்கு உட்படுத்தாதேயும், தீமையிலிருந்து எங்களை விடுவித்தருளும், ஆமென்" என்று முடித்தாள்.

ஃபாதர் கண்ணைத் திறந்தார். நான் அவரைப் பார்த்தேன். தீமையிலிருந்து விடுவியும் என்று வாய்விட்டு வேண்டிக்கொள்கிற பசாசை நாங்கள் இருவருமே அதுவரை பார்த்ததில்லை. நடுவில் ஒரே ஒரு வரிதான் விழுந்திருந்தது. எங்களுக்கு எதிராகக் குற்றம் செய்வோரை நாங்கள் மன்னிப்பது போல என்று வருகிற வரி. வீட்டில் மற்றவர்கள் குரலோடு சேர்ந்து சொல்லும்போது எந்த இடத்தில் நிறுத்துகிறாள் என்று யாருக்கும் கேட்டிருக்காது. அவள் முன்னால் சொல்லும்போது அந்த வரி அவள் பங்கிலேயே வராது. அதனால்தான் அப்போதெல்லாம் தேன்.

"மகளே, மறந்துவிட்டாயா?" என்றார் ஃபாதர்.

"மறக்கல்ல ஃபாதர். மன்னிக்காம மன்னிச்சிட்டேன்னு ஆண்டவர்ட்ட எப்படிச் சொல்ல? அது பொய்யில்லா?" என்றாள் ஸ்டெல்லா. அப்புறம் அழுதாள். நன்றாகவே அழுதாள். நான் என் சேலைத் தலைப்பைக் கொடுத்தேன்.

விஷயம் இதுதான். ஜாதவ்பூரில் எலெக்ட்ரீஷியன் ஜோசப், வங்காளி, நம் கோயில்காரப் பையன். கடையில் ஒயரிங் செய்ய வந்தவன் ஸ்டெல்லாவைப் பிடித்துப்போய் முறையாகத் தன் அம்மாவை அனுப்பிப் பெண் கேட்டிருக்கிறான். சேவியர் அந்த அம்மாவிடம், "இவ பொறந்தப்பவே எங்கம்மா வேளாங்கண்ணி மாதாவுக்கு நேர்ந்து விட்டுட்டாங்க, கல்யாணமே பண்ணக் கூடாது" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அப்படி ஒரு நேர்ச்சையே கிடையாது. பல நாள் கழித்துக் கோயில் வாசலில் அந்த அம்மா ஸ்டெல்லாவின் கையைப் பிடித்து, மாதாவுக்கு உன்னைக் கொடுத்திருக்கிறாய், எங்களுக்காகவும் வேண்டிக்கொள் என்றபோதுதான் இவளுக்கே தெரிந்தது. இவள் போய்விட்டால் முறுக்குச் சுற்ற ஆளில்லை, கடை படுத்துவிடும் என்ற பயம் சேவியருக்கு. அதை வாய்விட்டுச் சொல்ல வெட்கப்பட்டு மாதாவை இழுத்துவிட்டார்.

"அண்ணன்ட்ட நேரா கேட்டியா?"

"கேட்டா வீடு ரெண்டாயிரும் அக்கா. அதான் அந்த ஒரு வரிய மட்டும் விட்டேன். அதுக்குப் பசாசுன்னுட்டாவ." அழுகைக்கு நடுவில் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் வந்தது. ஃபாதருக்கு மட்டும் வரவில்லை. கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

நானாக இருந்திருந்தால் கதவைத் திறந்து சேவியரின் சட்டையைப் பிடித்திருப்பேன். எழுந்தும்விட்டேன். "தீதி, அமரும்" என்றார். சேவியரை உள்ளே கூப்பிட்டார். ஸ்டெல்லா சொன்ன எதையும் வாயில் எடுக்கவில்லை.

"உங்கள் தங்கைக்கு நோய் இல்லை. சனிக்கிழமை மாலை நானே வந்து வீட்டை மந்திரிக்கிறேன். அதுவரை இவளை எங்கும் கொண்டுபோகக் கூடாது. ஒரு முறை உண்டு. வீட்டில் ஜெபத்தை முன்னின்று நடத்துகிறவர் அதற்கு முன்பு ஒரு குருவிடம் தம் பாவங்களைச் சொல்லி நல்ல பாவசங்கீர்த்தனம் செய்திருக்க வேண்டும்."

"நானா ஃபாதர்? பிரச்சின அவளுக்குல்லா?"

"காவல் நிற்கிறவன்தான் முதலில் தன் கதவைப் பார்க்க வேண்டும். என்னிடம் வேண்டாம், உங்கள் பங்குக் குருவிடம் செய்யும்."

தம்மிடம் ஏன் வேண்டாம் என்றார் என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது. ஸ்டெல்லா சொன்னதைக் காதில் வைத்துக்கொண்டு அவள் அண்ணனின் பாவத்தைக் கேட்க அவருக்கு மனமில்லை. அந்த மனிதன் தானாகவே தன் குற்றத்தைச் சொல்ல வேண்டும், யாரும் வாயைக் கிளறக் கூடாது என்று நினைத்தார்.

சனிக்கிழமை காலை எனக்கு லீவு. ஜெபிக்கத்தான் கோயிலுக்குப் போனேன் என்று சொன்னால் ஆண்டவரே சிரிப்பார். சேவியர் வருகிறாரா என்று பார்க்கப் போனேன். வந்திருந்தார். பாவசங்கீர்த்தன வரிசையில் முன்னால் நின்றார். அவர் முறை வந்ததும் பின்னால் நின்ற கிழவிக்கு வழி விட்டார். அப்புறம் ஒரு காலேஜ் பெண்ணுக்கு. அப்புறம் கைக்குழந்தைக்காரி ஒருத்திக்கு. "என்ன சேவியர், டிராபிக் போலீஸ் வேலையா?" என்று கேட்க நாக்கு துடித்தது. ஜெபமாலையை வாயில் வைத்துக் கடித்துக்கொள்ளாத குறை. கடைசியில் பின்னால் ஆளே இல்லாமல் போனதும் மனிதர் உள்ளே போனார். என்ன சொன்னார் என்பது ஆண்டவருக்கும் குருவுக்கும் அவருக்கும்தான் தெரியும். வெளியே வந்தபோது மழையில் நனைந்தவர் மாதிரி வியர்த்திருந்தார்.

மாலையில் ஃபாதர் மந்திரிக்கப் போனார், நானும் போனேன். கடைக்கு மேலேதான் வீடு. ஃபாதர் தீர்த்தத்தைக் கையில் எடுப்பதற்குள் சேவியர் எல்லார் முன்னாலும் நின்று சொல்லிவிட்டார். நேர்ச்சை பொய், தான்தான் சொன்னது, கடைக்காகச் சொன்னது. ஒன்றையும் மறைக்கவில்லை.

ஜெசி தலையில் அடித்துக்கொண்டாள். "அடப்பாவி மனுசா. மாதாவுக்கு நேர்ந்த பிள்ளைன்னு நான் இத்தன நாளும் அவளுக்கு மீன் தலையெல்லாம் எடுத்து வச்சேனே. எங்கிட்டயும் பொய்யா?"

ஜெபமாலைக்கு உட்கார்ந்தோம். சேவியர் முன்னால் சொன்னார். பின்பாதி வந்தது. எல்லாரும் ஸ்டெல்லாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம், அவள் அன்றைக்கும் அந்த வரியை விட்டுவிட்டாள்.

"இன்னும் போகல்லியே ஃபாதர்" என்றார் சேவியர், அழாத குறையாக. இந்தத் தடவை போகாதது பசாசு இல்லை, தங்கையின் மனத்தாங்கல் என்று அவருக்கே தெரிந்திருந்தது.

"பொய்யை எங்கே போட்டீரோ அங்கே போய் எடும். இங்கே தேடினால் கிடைக்காது" என்றார் ஃபாதர்.

ஞாயிற்றுக்கிழமை சியால்தாவுக்குப் போகவில்லை. சேவியர், ஜெசி, ஸ்டெல்லா மூவரும் ஜாதவ்பூருக்குக் கிளம்பினார்கள். "அக்கா, நீங்களும் வாங்க" என்று ஸ்டெல்லா கேட்டதால் நானும் ஆட்டோவில் ஒட்டிக்கொண்டேன். ஜோசப்பின் அம்மா கதவைத் திறந்தார். பேச்செல்லாம் வங்காளத்தில்தான், தமிழில் சொல்கிறேன். மாஷிமா என்றால் சித்தி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"மாஷிமா, நேர்ச்சையெல்லாம் ஒன்னும் கெடையாது. நான் சொன்ன பொய் அது. என்ன மன்னிக்கணும்" என்றார் சேவியர், நின்றபடியே.

அந்த அம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டார். "மாதா பேர்லயா பொய் சொன்ன? எம்மகன் என்ன பண்ணினான் தெரியுமா? உன் தங்கச்சியோட நேர்ச்சை நல்லபடியா நெறவேறணும்னு ஒவ்வொரு சனிக்கிழமையும் மெழுகுவத்தி ஏத்திட்டு வரான். மடையன்." உள்ளேயிருந்து எட்டிப் பார்த்த ஜோசப்புக்குக் காது சிவந்துவிட்டது. எனக்கு அழுகை வருகிறதா சிரிப்பு வருகிறதா என்றே தெரியவில்லை.

பிறகு அவர் சேவியரை விட்டுவிட்டு ஸ்டெல்லாவின் பக்கம் திரும்பினார். "இவ்வளவு நேரம் உங்கண்ணன் பேசினான். போன தடவையும் அவன்தான் பேசினான். நீ சொல்லும்மா. உனக்கு என்ன வேணும்?"

ஸ்டெல்லா தலையை நிமிர்த்தினாள். வியாழக்கிழமையிலிருந்து அவள் முகத்தை நான் நேராகப் பார்த்தது அப்போதுதான். "எனக்குச் சம்மதம் மாஷிமா. ஆனா கல்யாணத்துக்கு அப்புறமும் காலைல கடைக்குப் போயி முறுக்குச் சுத்துவேன். தங்கச்சியா இல்ல, சம்பளத்துக்கு" என்றாள்.

சேவியர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். எதை இழந்துவிடுவோம் என்று பயந்து மாதாவின் பெயரையே கெடுத்தாரோ, அது கேட்டிருந்தாலே கிடைத்திருக்கும். மாஷிமா சிரித்துக்கொண்டே ஸ்வீட் எடுக்க உள்ளே போனார்.

அன்று சாயங்காலம் பவானிபூர் வீட்டில் என்னையும் ஜெபமாலைக்கு இருக்கச் சொன்னார்கள். சேவியர் பரலோக மந்திரத்தின் முதல் பாதியைச் சொல்லி முடித்தார். நாங்கள் பின்பாதியைத் தொடங்கினோம். அந்த வரி வந்தபோது ஜெசி மெல்ல வாயை மூடிக்கொண்டாள். அதைப் பார்த்து நானும் மூடிக்கொண்டேன். ஸ்டெல்லாவின் குரல் மட்டும் தனியாகக் கேட்டது. ஒரு வார்த்தையும் விடாமல், அண்ணனைப் பார்த்துக்கொண்டே, அந்த வரி முழுவதையும் சொன்னாள்.

அடுத்து சேவியர் மாதாவை வாழ்த்தும் அருள்நிறை மந்திரம் தொடங்க வேண்டும். உதடு அசைகிறது, சத்தம் வரவில்லை. கண்ணீர் தாடியில் இறங்கியது. யாரும் அவருக்குப் பசாசு பிடித்திருக்கிறது என்று சொல்லவில்லை. ஸ்டெல்லா நகர்ந்து அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அண்ணே, மணிய நகத்து" என்றாள். "நான் சொல்லுதேன்."